நான் வாசித்துக் காட்டிய வரலாறு

டிசம்பர் மாதம் பள்ளித் தலைமையாசிரியை என் அக்காவிடம் அதிகம் பேசவில்லை.

"சின்னதுங்க ரெண்டும் ஜூன்ல வரட்டும்மா, சேத்துக்கலாம். பெரிய பொண்ணுக்கு ஒரு பரீட்சை வெச்சிப் பாக்கணும். அப்புறந்தான் ஒம்போதாவதா ஏழாவதான்னு சொல்ல முடியும்."

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பள்ளி கேட்டைத் தாண்டியதும் அக்காவின் பெரிய மகள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏழாவதுன்னா நான் வர மாட்டேன் மாமா. தம்பிக்கு ஒரே ஒரு கிளாஸ் மேல போயி குந்தச் சொல்றாங்களா?"

"வரலன்னா போ," என்றாள் அக்கா. "ராட்டை சுத்திக்கினு வீட்லயே கெட."

அக்கா கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் அது வெறும் பேச்சில்லை. இரண்டு வீடு தள்ளி இருந்த தறிக்காரர் வீட்டில் பட்டு நூல் சுற்ற ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவள் ஏற்கெனவே இரண்டு மூன்று நாள் போய் உட்கார்ந்து வந்திருந்தாள். "கை நல்லா ஓடுது அந்தப் பொண்ணுக்கு" என்று அந்த வீட்டம்மா சொன்னதை அக்கா என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

அக்கா வீட்டுக்காரர் பெங்களூரில் பன்னிரண்டு வருடம் விசைத்தறி ஓட்டியவர். காஞ்சிபுரத்து முதலாளி ஒருவர் கைத்தறிக்குப் பாவு நூல் கொடுத்துக் கூப்பிட்டதும் குடும்பத்தோடு திரும்பி வந்து, திருப்புட்குழிப் பக்கம் எங்கள் தெருவிலேயே ஒரு வாடகை வீட்டில் தறி போட்டார். பிள்ளைகள் மூன்று. பெரியவளுக்குப் பதினான்கு, நடுவனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஒன்பது. மூன்றும் கன்னட மீடியத்தில் படித்தவை. வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் எழுதியது கன்னடம். அதிலும் பெரியவள் ஏழாவது பாதியில் நின்றவள். அக்கா வேலைக்குப் போனபோது சின்னவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

ஆக, ஜூன் வரை ஆறு மாதம் மூன்று பேரும் வீட்டில். சொல்லிக்கொடுக்க நான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அதற்கு மேல் பி.ஏ. வரலாறு. அந்தப் படிப்பை நான் எப்படி முடித்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். மனப்பாடம் செய்வேன், எழுதுவேன், மறப்பேன். காலையில் வாலாஜாபாத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆட்களுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து தருவேன். மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். அக்கா என்னிடம் கேட்கக்கூட இல்லை. "தம்பி பாத்துக்குவான்" என்று தலைமையாசிரியையிடமே சொல்லிவிட்டாள்.

எனக்கு இருந்த பயத்தை அக்காவிடம் சொல்ல முடியவில்லை. படித்தவர்கள் இருக்கும் வீட்டில் ஒருவன் தப்பாகச் சொன்னால் இன்னொருவர் திருத்துவார். எங்கள் வீட்டில் நான் சொன்னால் அத்தோடு முடிந்தது. பள்ளியில் படித்த காலத்தில் ஒரு விண்ணப்பத்தில் அப்பாவின் பிறந்த வருடத்தைக் கேட்டிருந்தார்கள். அப்பாவுக்கே தெரியவில்லை. நான் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தை எழுதினேன். இன்றுவரை எல்லா அட்டையிலும் அப்பாவின் வயது அதுதான். அதேபோல் இந்த மூன்று பேர் தலையிலும் நான் எதையாவது ஏற்றிவிட்டால், அது அப்படியே நின்றுவிடும்.

கணக்கைப் பெரியவள் சமாளித்தாள். இங்கிலீஷ் மூவருக்கும் ஒரே மாதிரிதான் தெரியாது, அதனால் அதில் சிக்கல் இல்லை. வரலாறுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பெரியவளுக்கு ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பிலிருந்தும் கேட்பார்கள். நடுவனுக்கு ஆறாவது. சின்னவளுக்கு நான்காவது. ஆறாவது புத்தகம் எதிர்வீட்டுப் பையனுடையது. ஏழாவது பழைய பேப்பர் கடையில் கிடைத்தது, முதல் பத்துப் பக்கம் இல்லாமல். நான்காவது அங்கன்வாடி அம்மா மகளுடையது. எட்டாவது என் தகரப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நான் படித்த அதே புத்தகம், ஓரத்தில் என் கையெழுத்தோடு. இவை போக, பெரியவள் பெங்களூரிலிருந்து துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த கன்னடச் சமூக அறிவியல் புத்தகம் ஒன்று. மொத்தம் ஐந்து.

மூன்று வாரம் பாடம் நடந்தபிறகு தெருவில் எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி எங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, இது பழைய புக்குணா. இப்ப இது இல்ல. எல்லாம் மாத்திட்டாங்க."

நான் சிரித்தபடி தெரியும் என்றேன். தெரியாது. உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். மறுநாள் சென்டரில் புதுப் புத்தகத்தை இறக்கி அச்செடுத்து வந்து, பழையதைப் பெட்டியில் போட்டு மூடினேன். பெரியவள் மட்டும் கவனித்தாள்.

"நாம படிச்சதெல்லாம் வேஸ்ட்டா மாமா?"

"இல்லமா. கொஞ்சந்தான் மாறியிருக்குது."

எவ்வளவு மாறியிருக்கிறது என்று எனக்கே தெரியாது.

முதலில் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்து வைத்தேன். ஒருத்தியோடு உட்கார்ந்தால் மற்ற இரண்டும் தறிக்குழிப் பக்கம் போய்ச் சண்டை போடும். நடுவன் அக்காவின் பாடத்தில் காதை வைத்துக்கொண்டு தன் பாடத்தை விட்டுவிடுவான். சின்னவள் "எனக்கு மட்டும் ராஜா இல்லியா" என்று அழுவாள். ஒரு மாதம் இப்படிப் போனபிறகு ஒரு யோசனை செய்தேன். மூவருக்கும் ஒரே வரலாறு, ஆரம்பத்திலிருந்து. இந்த வாரம் சிந்துவெளி என்றால் ஐந்து புத்தகத்திலும் சிந்துவெளி எங்கெல்லாம் வருகிறதோ அதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நானே உரக்க வாசிப்பேன். கன்னடத்தைப் பெரியவள் தமிழில் சொல்வாள். சின்னவள் படம் வரைவாள். நடுவன் கேள்வி கேட்பான்.

அது நன்றாக நடந்தது. நான் வாசித்தால் வீடு அடங்கிவிடும். அக்கா வீட்டுக்காரர்கூட சில இடங்களில் தறியில் ஓடும் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்பார். அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் எனக்குப் பயம் இருக்காது. பயப்பட்டிருக்க வேண்டிய நேரமே அதுதான் என்று பின்னால் தெரிந்தது.

எது முன்னே எது பின்னே என்று பிள்ளைகளுக்குக் குழம்பியது. தறியில் பார்டர் டிசைன் மாற்றியபோது பழைய ஜக்கார்டு அட்டைகளைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். துளை போட்ட கெட்டி அட்டைகள். தறிக்கு மேலே இவை வரிசையாகக் கயிற்றில் கோத்துச் சுற்றிவரும்; எந்த இழை தூக்க வேண்டும் என்பதைத் துளைகள் சொல்லும். நான் அட்டைக்கு நூறு வருடம் என்று கணக்கு வைத்து, துளைகளுக்கு நடுவே மார்க்கரால் எழுதினேன். கற்காலம் முழுவதையும் முதல் அட்டையில் அடக்கியும் ஐம்பதைத் தாண்டியது. கோத்துத் தரச் சொல்லி அக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து ஒழுங்காகக் கோத்து, உத்திரத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டார். பிள்ளைகள் இழுத்தால் சுற்றியது.

நான்கைந்து நாள் கழித்துச் சின்னவள் கேட்டாள். "மாமா, நம்ம காலம் முடிஞ்சதும் திரும்பவும் கல்லு வெச்சித்தான் மானு அடிப்பாங்களா?"

போய்ப் பார்த்தேன். கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார் அக்கா வீட்டுக்காரர்.

"இன்னா மாமா இது?" என்று அவரைக் கேட்டேன்.

"இன்னா? அட்டைன்னா சுத்தி முடிஞ்சிதான் ஆகணும் மச்சான். முடியாம வுட்டா சீலையில பூ திரும்ப எப்படி வரும்?"

"வரலாறு திரும்பி வராது மாமா."

"யார் சொன்னது," என்று சொல்லிவிட்டு அவர் தறியில் இறங்கினார்.

நடுவன், "செல்லு சார்ஜ் போயிடுச்சின்னா கல்லுதான்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே அந்த முடிச்சை அறுத்துவிட்டேன். பரீட்சையில் போய் இப்படி எதையாவது எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. கோத்ததை அறுத்ததற்கு அவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மார்ச் கடைசியில் பல்லவர்களுக்கு வந்தோம். சொந்த ஊர் வரலாறு, சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் பல்லவ அரசன் படையோடு போய்ச் சாளுக்கியரின் வாதாபியை எரித்ததை வாசித்தேன். நடுவன் பாயில் எழுந்து நின்றுவிட்டான்.

"நம்ம ராஜா போயி கொளுத்திட்டு வந்துட்டாரு."

பெரியவள் கன்னடப் புத்தகத்தைத் திறந்தாள். "அதுக்கு முன்னாடியே நம்ம ராஜா இங்க வந்து அடிச்சாரு. அப்புறமும் அவரு வம்சத்துல ஒருத்தர் வந்து காஞ்சிய ஜெயிச்சாரு. ஜெயிச்சிட்டு கோயில்ல எதையும் எடுக்காம திருப்பிக் குடுத்துட்டாரு. இதோ போட்டிருக்குது."

"எதுடி உன் நம்ம ராஜா? பெங்களூரு பொண்ணு. போ, அங்கியே போயி படி."

"நீ எங்கடா பொறந்த? அங்கதான?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றேன்.

"மாமா, அப்ப நம்ம ராஜா யாரு?" என்றாள் சின்னவள்.

மூன்று முகமும் என்னைப் பார்த்தன. நான் தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டினேன். பி.ஏ.வில் நான் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். யார் எப்போது யாரை ஜெயித்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை.

தறிக்குழியிலிருந்து அவர்களுடைய அப்பா சொன்னார். "எந்த ராஜாவும் நம்ம தெரு வரைக்கும் வந்ததில்லடா. பேசாம படிங்க."

பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஆனால் அதைப் பரீட்சையில் எழுத முடியாது. அன்று பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இங்க தமிழ் புக்குல இருக்கறத மட்டும் எழுதுமா" என்றேன்.

"அப்ப இது பொய்யா மாமா?"

"பொய் இல்ல. இங்க கேக்க மாட்டாங்க."

அவள் கன்னடப் புத்தகத்தை மூடிப் பரணில் போட்டாள். அதற்குப் பிறகு பல நாள் கேள்வியே கேட்கவில்லை. நான் வாசித்தால் கேட்பாள். சொல்லச் சொன்னால் அப்படியே சொல்வாள், ஒரு வார்த்தை பிசகாமல். கேள்வி கேட்காத பிள்ளை எனக்குப் பழக்கமான பிள்ளை. நானும் அப்படித்தான் படித்தேன். அதனால்தான் பயந்தேன்.

ஏப்ரலில் மீதி அட்டைகளை எண்ணினேன். வாரத்துக்கு இரண்டு அட்டை என்றால் ஜூனுக்குள் முடிந்துவிடும் என்று கணக்கு வந்தது. பிறகு ஏதோ தோன்றிப் புத்தகங்களை அட்டைக்கு நேராக அடுக்கிப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு வரலாறு முழுவதும், அத்தனை பாடமும், கடைசி மூன்று நான்கு அட்டைக்குள் கிடந்தது. ஆயிரக்கணக்கான வருடங்களை நாங்கள் நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தோம். பெரியவளுக்கு அதிகமாக வேண்டியது கடைசித் தெருவில் இருந்தது. ஒரு வாரம் இதை எல்லோரிடமும் மறைத்தேன்.

அதன்பிறகு சின்னவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டேன். பெரியவளை மட்டும் உட்காரவைத்து எட்டாவதை வாசித்தேன். மதியம் முழுவதும், தொண்டை கட்டும் வரை. கம்பெனி வந்தது, வேலூர்ச் சிப்பாய்கள் எழுந்தார்கள், பஞ்சம் வந்தது. அவள் நூல் சுற்றிய தார்க்குச்சிகளை அடுக்கியபடி கேட்டாள். கேட்டதையெல்லாம் திருப்பிச் சொன்னாள். மே முடிவில் அந்தப் புத்தகத்தில் அவளுக்குச் சொல்லத் தெரியாத பாடம் இல்லை. அக்கா தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

ஜூன் முதல் வாரத்தில் பரீட்சை. காலை பத்து மணிக்கு ஒரு காலி வகுப்பறையில் அவளைத் தனியாக உட்காரவைத்தார்கள். இரண்டு மணி நேரம். நான் எதிர் வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியாக அவள் கை தெரிந்தது. கை நின்று நின்று போனது. ஒரு எழுத்து, பிறகு யோசனை, பிறகு ரப்பர். கேள்வி தெரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. முழுப் பதிலையும் அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கை பின்னால் நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு மாதத்தில் அவள் தமிழில் தானாக எத்தனை பக்கம் வாசித்தாள், எத்தனை பக்கம் எழுதினாள் என்று எண்ணினேன். ஒரு நோட்டில் பாதி. மூன்று பேரை ஒரே இடத்தில் கட்டி வைக்க நானே வாசித்தேன். வாசித்தது எல்லாம் நான். இப்போது எழுத வேண்டியவள் அவள். உள்ளே போய்ச் சொல்ல முடியாது, வெளியே போகவும் முடியாது. மீதி ஒரு மணி நேரமும் அப்படியே நின்றேன்.

தலைமையாசிரியை தாளைப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். பெரியவள் மேஜை ஓரத்தில் நின்றாள். தாளில் ஒன்றரைப் பக்கம் இருந்தது.

"எழுதின வரைக்கும் சரியாத்தான் இருக்குது தம்பி. ஆனா பத்துக் கேள்வியில மூணுதான் தொட்டிருக்கா. நான் எப்படி ஒம்போதாவதுல போடறது? ஏழாவதுலருந்து வரட்டுமே."

படித்த காலத்தில் ஆசிரியர் அறை வாசலில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றும் ஒட்டிக்கொண்டது. பெரியவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த இந்தியா மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பேசாவிட்டால் அவள் நாளைக்கு ராட்டை முன்னால் இருப்பாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

"மேடம், தப்பு என்னுது," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "நானே எல்லாத்தயும் படிச்சிப் படிச்சிக் காட்டிட்டேன். அவள படிக்க வுடல, எழுத வுடல. அவளுக்குத் தெரியும் மேடம். வாய்ல கேளுங்க."

தலைமையாசிரியை கேள்வித்தாளை எடுத்து அவளைக் கேட்டார். வேலூரில் சிப்பாய்கள் ஏன் எதிர்த்தார்கள் என்றார். அவள் புதுத் தலைப்பாகையில் ஆரம்பித்துக் கோட்டை வரை நிறுத்தாமல் சொன்னாள். இன்னும் நான்கைந்து கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னாள். கடைசியில், "நம்ம ஊரு பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் சண்டை நடந்ததே, அதுல யார் ஜெயிச்சது?" என்றார். அது தாளில் இல்லாத கேள்வி.

பெரியவள் தயங்கினாள். "எந்த புக்குல இருக்கறத சொல்லட்டும் மேடம்?"

நான் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தேன்.

"எத்தன புக்கு படிச்ச நீ?"

"ரெண்டு. ஒண்ணுல அவங்க ஜெயிச்சத பெரிசா போட்டிருக்குது. ஒண்ணுல இவங்க ஜெயிச்சத. ரெண்டயும் பக்கத்துல வெச்சிப் பாத்தா ரெண்டு பேரும் மாறி மாறி ஜெயிச்சிருக்காங்க, மாறி மாறி தோத்திருக்காங்க."

பரணில் போட்ட புத்தகத்தை அவள் எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

தலைமையாசிரியை ஒரு படிவத்தை இழுத்தார். "வாய் ஒம்போதாவதுக்கு இருக்குது. கை இல்ல. எட்டாவதுல போடறேன். அதுக்கு மேல என்னால முடியாதுப்பா."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ஒரு வருடம் போய்விட்டது. அவள் வயதிலிருந்து ஒரு வருடத்தை என் குரல் தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஏழாவது என்றால் வர மாட்டேன் என்றவள் எட்டாவதுக்கு என்ன சொல்வாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்காவுக்கு முன்பே போனில் சொல்லியிருந்தேன்; வீட்டு வாசலில் நின்றிருந்தாள். பெரியவளைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள்.

"எட்டாவதாமே. நல்லதாடா, கெட்டதாடா? சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. "நல்லதுதான்கா," என்றேன். அக்கா உடனே நம்பிவிட்டாள். உள்ளே போய் வீட்டுக்காரரிடம், "நல்லதாம்" என்றாள்.

பெரியவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "போறேன் மாமா," என்றாள். "தம்பி ஆறாவது முடிச்சி ஏழாவதுக்கு வரும்போது நான் ஒம்போதாவதுல இருப்பேன்ல."

இப்போது பள்ளி தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. சாயங்காலம் அவள் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்காருகிறாள். அவள்தான் வாசிக்கிறாள். நடுவனும் சின்னவளும் இப்போது கேட்பதில்லை, அவ்வளவு மெதுவாகப் போகிறது. ஒரு பெரிய சொல் வந்தால் விரலை வைத்து நிறுத்திவிடுகிறாள். எனக்கு அந்தச் சொல் தெரியும். அந்தப் பக்கம் முழுவதும் தெரியும். வாய் தானாகத் திறக்கிறது.

"நீ சொல்லாத மாமா," என்கிறாள், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

நான் வாயை மூடிக்கொண்டு அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.